முழு ஆதரவு உண்டு, ஆனா...

இது நடந்த கதை. என் தலைமேல் கை வைத்துச் சொல்கிறேன், ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

சரி சரி, அப்படி முறைக்க வேண்டாம். கொஞ்சம் கூட்டத்தான் போகிறேன். தொப்பை சின்னதாக இருந்தால் பெரிதாக்குவேன், கூட்டம் சாயங்காலத்தோடு முடிந்திருந்தால் அடுத்த மழைக்காலம் வரை இழுப்பேன். வெறும் உண்மையைக் கொண்டுவந்து வைத்தால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? முடிவெட்டும் கடை பெஞ்சில் உட்கார்ந்து, முறைக்காகக் காத்திருந்தவர்களுக்கு நான் சொன்ன கதை இது. அங்கே சொன்னபடியே உங்களுக்கும் சொல்கிறேன்.

உலகத்தில் எதையும் எதிர்க்கிற ஆள் உண்டு. எதையும் ஆதரிக்கிற ஆள் உண்டு. இவர்களால் பெரிய தொந்தரவு இல்லை. எதிர்க்கிறவரோடு மல்லுக்கு நிற்கலாம், ஆதரிக்கிறவரோடு சேர்ந்து வேலையை முடிக்கலாம். மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது பாருங்கள், எல்லா ஊரிலும், எல்லாத் தெருவிலும், உரம் போடாமல் தண்ணீர் ஊற்றாமல் விளைகிற ரகம், அதற்குப் பெயர் கொள்கையளவில் ஆதரவாளர். எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். "அருமையான யோசனை" என்பார். "எப்பவோ செஞ்சிருக்கணும், நாமதான் தூங்கிட்டோம்" என்பார். உங்கள் கையைப் பிடித்துக் குலுக்குகிற குலுக்கலில் உங்களுக்குக் கண்ணே கலங்கிவிடும். அப்புறம் மெதுவாக, "ஆனா..." என்று ஒன்று வரும்.

வந்ததா? போச்சு. அந்த வேலை இனி உங்கள் பேரன் காலத்திலும் நடக்காது.

நம்முடைய ஆள் ஒரு திரைச்சீலைக் கடைக்காரர். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். குளிக்கும்போதும் கழற்றமாட்டார் என்று அவர் மனைவி சொல்லிக் கேள்வி. கடைக்கு வருகிறவர்களின் ஜன்னலை வீட்டுக்கே போய் அளப்பார். மறுபடி அளப்பார். "துணி உங்களுக்குன்னே நெய்த மாதிரி இருக்கு. ஆனா சுவர் கலரு மாத்தினீங்கன்னா இன்னும் எடுப்பா இருக்கும்" என்பார். அவர்கள் சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டு வந்தால், "ஆனா தரை?" என்பார். ஒரு குடும்பம் ஒற்றைத் திரைச்சீலைக்காக வந்து, சுவரை இடித்து, தரையைப் பெயர்த்து, கடைசியில் வீட்டையே விற்றுவிட்டுப் போய்விட்டது. புது வீட்டில் ஜன்னலைப் பலகை வைத்து மூடிவிட்டார்களாம்.

அப்பேர்ப்பட்டவரைத்தான் அவர் குடியிருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்துக்குத் தலைவராக்கி வைத்திருந்தார்கள். ஏன் ஆக்கினார்கள்? யாரையும் பகைத்துக்கொள்ளாத மனுஷன் அவர் ஒருத்தர்தான். எப்படிப் பகை வரும்? எதையாவது செய்தால்தானே பகை வரும்?

குடியிருப்புக்குப் பின்னால் ஒரு மலை. ஒரு காலத்தில் கோடை கடைசியில்தான் அதன் புல் காயும். இப்போது மழை ஏமாற்றி, வெயில் முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொள்ள, கோடை தொடங்கும்போதே மலை மொத்தமும் அப்பளம்போல நொறுங்கும். ஒரு பொறி போதும். வருஷா வருஷம் எரிகிறது. குடியிருப்புக்கு மின்சாரம் கொண்டுவருகிற பெரிய கம்பி அந்த மலைமேலேதான் வருகிறது. தீ கம்பியை நெருங்கினால் மின்வாரியத்துக்காரர்கள் லைனை நிறுத்திவிடுவார்கள். அறுந்து விழுந்தால் இன்னொரு பக்கமும் பற்றிக்கொள்ளுமே. நிறுத்துவது நியாயம்தான்.

ஆனால் மூன்றாம் மாடியில் தலைவருடைய அக்கா இருந்தாள். கூடப்பிறந்த அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊருக்கெல்லாம் மூச்சு பார்த்தவளுக்கு நுரையீரல் கெட்டுப்போயிற்று. கட்டில் பக்கத்தில் ஒரு மெஷின், அதிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் அது. கரண்ட் இருந்தால் ஓடும். இல்லாவிட்டால் நிற்கும். அது நின்றால், அவசரத்துக்கு என்று ஒரு குட்டி சிலிண்டர். அது தீர்ந்தால்?

அதைத்தான் அக்கா கேட்டாள். மொட்டை மாடியில் சோலார் பேனல் போடுவோம், கூடவே ஒரு பேட்டரி வைப்போம், லைன் போனாலும் லிஃப்ட் ஓடும், தண்ணி மோட்டார் ஓடும், என் மெஷினும் ஓடும் என்றாள்.

"அக்கா, என் மனசுல இருந்ததை அப்படியே சொல்லிட்டே" என்றார் தம்பி. நெஞ்சைத் தொட்டுத்தான் சொன்னார். பொய் இல்லை. "சூரியன் சும்மா கொட்டுது. நாமதான் பிடிச்சுக்காம விட்டுட்டோம். முழு ஆதரவு. ஆனா அரசாங்கம் ஒரு கொள்கை கொண்டுவரப் போகுதாம். அது வரட்டும்."

கொள்கை வந்தது. "கொள்கை பிரமாதம், ஆனா விதிமுறை வரட்டும்" என்றார். விதிமுறை வந்தது. "விதிமுறை தெளிவா இருக்கு, ஆனா மானியம் என்னன்னு பாத்துக்குவோம்" என்றார். மானியமும் வந்தது. அதற்குள் பழைய கொள்கையை மாற்றப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டது. தலைவருடைய முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பாத்தியாக்கா, அவசரப்பட்டிருந்தா மாட்டியிருப்போம்."

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அக்கா என்றால் உயிர். முடிவு என்றால்தான் பயம். அவர் மனதுக்குள் ஒரு கணக்கு இருந்தது: எடுத்த முடிவு தப்பாகப் போகலாம், எடுக்காத முடிவு இந்த உலகத்தில் என்றைக்காவது தப்பாகப் போயிருக்கிறதா? துணியைக் கத்தரித்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. அளந்துகொண்டே இருந்தால் துணி முழுசாக இருக்கும்.

"துணி முழுசா இருக்கும், ஜன்னலு?" என்று முடிவெட்டும் கடையில் ஒருத்தர் இடையில் கேட்டார். கேட்டீர்களா, எவ்வளவு விவரமான ஆள்! அவரைப் பின்னால் பார்ப்போம்.

அந்தச் சங்கத்தின் கூட்டம் எப்போதும் மொட்டை மாடியில்தான் நடக்கும். கீழே இடமில்லை. அவரவர் வீட்டிலிருந்து அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஏறவேண்டும். கோடை பிறந்ததும் அக்காவின் பிடுங்கல் தாங்காமல் தலைவர் ஒரு கூட்டம் போட்டார். அன்றைக்கே மலையின் அந்தப் பக்கத்தில் புகை கிளம்பியிருந்தது.

தலைவர் எழுந்தார். காட்டுத் தீக்கும் பூமி சூடாவதற்கும் என்ன தொடர்பு என்று விளக்க ஆரம்பித்தார். அடேயப்பா! நிலக்கரியும் பெட்ரோலும் எரிகிற புகை மேலே போர்வையாக மூடிக்கொள்வதையும், போர்வைக்குள் பூமி புழுங்குவதையும், புழுக்கத்தில் மண்ணின் ஈரம் ஆவியாகிப் போவதையும், காய்ந்த காட்டில் சின்னத் தீ பெருந்தீயாவதையும், அந்தத் தீயின் புகையும் மேலே போய் இன்னும் சூடேற்றுவதையும், கையை வீசி வீசி, குரலை ஏற்றி இறக்கி, அவர் சொன்னதைக் கேட்டு, மாடியில் இருந்த காக்காய்கூடப் பறக்க மறந்தது. அவர் பேசப் பேச மலைப்பக்கமிருந்து சாம்பல் மிதந்து வந்து அவர் வழுக்கையில் விழுந்தது. கைக்குட்டையால் தட்டிவிட்டுக்கொண்டே பேசினார்.

இரண்டாம் மாடியில் ஒருத்தர் உண்டு. கப்பல் கம்பெனியில் வேலை பார்த்தவர். கப்பலில் ஏறியதே இல்லை, ஆனாலும் பெயர் கப்பல்காரர். அவர் எழுந்து, "அதெல்லாம் இல்ல சார். எவனோ சிகரெட்டைப் போட்டிருப்பான். அதான் எரியுது. இதுக்குப் போயி பூமியை இழுக்குறீங்க" என்றார்.

அக்கா குட்டி சிலிண்டரோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். "சிகரெட்டைக் கொண்டுபோய் ஈரத் துணியில போடுங்க. எரியுதா பாருங்க. போடுறவன் எப்பவும் போட்டுட்டுத்தான் இருந்தான். மலை இப்பத்தானே இப்படிக் காஞ்சு கிடக்கு?"

"சபாஷ்!" என்று கைதட்டியது யார் என்கிறீர்கள்? தலைவர்தான்.

"அப்ப பேனல் போட்டுடலாமா?" என்றாள் அக்கா.

தலைவர் கழுத்து நாடாவை உருவினார். மாடியை நீளவாக்கில் அளந்தார். அகலவாக்கில் அளந்தார். "இடம் கச்சிதமா இருக்கு. ஆனா ஒரு சிக்கல். பேனல் போட்டா மாடி முழுசும் அடைஞ்சிடும். அப்புறம் நாம கூட்டம் எங்க போடுறது?"

எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கோணத்தில் யாரும் யோசிக்கவில்லையே!

"பேனலைப் போட்டுட்டா எதுக்குடா கூட்டம்?" என்றாள் அக்கா.

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டே? பேனலைப் பத்திப் பேச வேணாமா?"

இதை ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள். நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவரவர் உட்கார்ந்திருந்த இடத்தில் சாம்பல் படியாத தரை வட்டம் வட்டமாகத் தெரிந்தது.

அதே வாரம், மத்தியானம், காற்று திசை மாறியது. தீ மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கியது. வானம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. லைனை நிறுத்திவிட்டார்கள். கடையிலிருந்து தலைவர் ஓடிவந்தபோது லிஃப்ட் செத்துக் கிடந்தது. மூன்று மாடியும் ஏறிப் போனால், அக்கா ஜன்னலை அடைத்து, இடுக்கில் ஈரத் துணி வைத்துவிட்டு, குட்டி சிலிண்டரை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் அல்லவா, பதறவில்லை. சிலிண்டரின் அளவு முள் எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். மலையடித் தெருவெல்லாம் ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருக்கிறோம், நேரமாகும் என்றார்கள். பக்கத்தில் எங்கே கரண்ட் இருக்கும்? எதிர்த் தெரு பைக் மெக்கானிக்கின் தகரக் கொட்டகையில் இருக்கும். கூரையில் பேனல், உள்ளே பேட்டரி. போன வருஷம் அந்தப் பேனல் மேல் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் தன் படுக்கையறையில் அடிக்கிறது என்று தலைவரே போய்ப் புகார் செய்துவிட்டு வந்திருந்தார்.

வேறு வழி? அக்காவைக் கூட்டத்து நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் தலைவரும் பின்னால் கப்பல்காரரும் தூக்கினார்கள். மெஷினைத் தலைவரின் மனைவி இடுப்பில் சுமந்துகொண்டாள்.

"அக்கா, நீ பேசாத. மூச்சு வீணாகும்."

"நீ பேசாம இருடா, அதுவே எனக்குப் பாதி மூச்சு."

"பாத்தீங்களா கப்பல்காரரே, நான் அன்னிக்கே சொன்னேன். மழை குறைஞ்சா மண்ணுல ஈரம் போகும், ஈரம் போனா..."

"சார், காலைப் பாத்து வைங்க சார், காலை!"

இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நாற்காலியை இறக்கினார்கள். தலைவர் திரும்பிப் பார்த்தார். அக்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது. சின்ன வயசில் ஊசி என்றால் அலறி ஓடுகிற தம்பியைத் துரத்திப் பிடித்து, அழுக்குக் காலோடு தூக்கிவந்து, "கண்ணை மூடிக்கோ, முடிஞ்சிடுச்சு" என்று சொன்ன உதடு. அதற்குமேல் அவர் வாயைத் திறக்கவில்லை. தரைக்கு வரும்வரை திறக்கவில்லை. அந்தக் குடியிருப்பின் வரலாற்றிலேயே அவர் மௌனமாக இறங்கிய படிகள் அவைதான்.

"வாங்கக்கா, வாங்க. பிளக்கு அந்தச் சுவத்துல இருக்கு" என்றார் மெக்கானிக்.

மெஷின் உறுமி ஓடத் தொடங்கியது. கழற்றிப் போட்ட சக்கரங்களுக்கு நடுவில் அக்கா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக உதட்டுக்கு நிறம் திரும்பியது. தலைவர் கிரீஸ் படிந்த தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சார், வெளிச்சம் இப்பவும் கண்ணைக் கூசுதா?" மெக்கானிக்குக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அன்னிக்கே கேக்கணும்னு நெனச்சேன். திரைச்சீலைக் கடை வெச்சிருக்கீங்க, ஜன்னலுக்கு ஒண்ணு போட்டுக்கக் கூடாதா?"

"கொள்கையளவில நான் உன் பேனலை எதிர்த்ததே இல்லப்பா" என்றார் தலைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "முழு ஆதரவு. ஆனா, இன்னும் கொஞ்சம் சாய்ச்சு வெச்சிருந்தேன்னா..."

அக்கா கண்ணைத் திறக்காமலேயே கேட்டாள். "ஏம்ப்பா, உங்கிட்ட ஸ்பேனர் இருக்கா? இவனுக்கு வாயில ஒரு நட்டு கழண்டிருக்கு."

காற்று திரும்பியது, தீயை அடக்கினார்கள், லைன் வந்தது. அக்கா பிழைத்துக்கொண்டாள். கோடையோ இன்னும் பாதிகூட முடியவில்லை. மலையின் இன்னொரு பக்கம் எரியாமல் அப்படியே காய்ந்து நிற்கிறது.

அடுத்த கூட்டம். எரிந்துபோன மரங்களுக்காக ஒரு நிமிஷம் எழுந்து மௌனமாக நிற்கவேண்டும் என்றார் தலைவர். நின்றார்கள். அந்த மௌனத்தில் அக்காவின் சிலிண்டர் உஸ்ஸென்று ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதன்பிறகு துணைக்குழு எழுந்து, கூட்டம் நடத்த மாற்று இடம் கிடைக்கவில்லை என்று வருத்தத்தோடு அறிவித்தது.

"உக்காருங்க" என்றாள் அக்கா. "பேனலைத் தரையில வைக்க வேணாம். கம்பம் நட்டு தலைக்கு மேல கூரையாப் போட்டுடுங்க. அடியில நாற்காலியைப் போட்டுக்கிட்டு நிழல்ல உக்காந்து ஆயுசு பூரா பேசுங்க."

அடுத்த கணம் எத்தனை கை! குழந்தைகள்கூடத் தூக்கிவிட்டன. பூமியின் சூட்டுக்கு ஒரு கை எழவில்லை, அக்காவின் மூச்சுக்கு எழவில்லை, கூட்டத்துக்கு நிழல் என்றதும் மாடியே கையாக நின்றது. "இதுதான் நான் ரொம்ப நாளா சொல்லிட்டிருந்த திட்டம்" என்றார் தலைவர், கூசாமல்.

"அடுத்து பேட்டரி" என்றாள் அக்கா. "லைன் போச்சுன்னா பேட்டரி இல்லாத பேனலும் நின்னுடும். அப்புறம் அது வெறும் குடைதான்."

நிழல் கிடைத்தவர்களுக்கு இது எதற்கு? "பேட்டரி வெடிக்குமாமே?" என்றது ஒரு குரல். கப்பல்காரர் எழுந்து, பேட்டரி வைக்கலாம் என்கிற மாடிப்படி அடியில் தன் சைக்கிள் நிற்பதாகச் சொன்னார். அந்த சைக்கிளில் சிலந்தி பேரன் பேத்தி எடுத்துவிட்டது. இருந்தாலும் சைக்கிள் சைக்கிள்தானே? கை தூக்கச் சொன்னார்கள். சரி பாதி வேண்டும் என்றது, சரி பாதி வேண்டாம் என்றது. இப்படி வந்தால் தலைவர் கைதான் முடிவு செய்யும். அது சங்கத்து வழக்கம்.

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் அக்காவைப் பார்த்தார். இரண்டாம் மாடித் திருப்பம் நினைவுக்கு வந்தது. கை தானாக எழுந்தது. இடுப்பு வந்தது, மார்பு வந்தது, தோள் வந்தது. காதுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டது. தூக்கிய கையா, காது சொறிகிற கையா என்று கடவுளே வந்தாலும் சொல்லமுடியாத இடம் அது. வெடித்துவிட்டால்? கப்பல்காரர் கோபித்துக்கொண்டால்? அடுத்த வருஷம் இதைவிட நல்ல பேட்டரி வந்துவிட்டால்?

"பேட்டரிக்கு என் முழு ஆதரவு" என்றார் தலைவர். "ஆனா..."

அக்கா எழுந்தாள். சிலிண்டரை ஒரு கையில் இழுத்துக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவில் மூச்சு வாங்க வாங்க நடந்து வந்தாள். தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தாள். ஊசி போடப் பிடிக்கிற அதே பிடி. காதுக்குப் பக்கத்தில் நின்ற கையை, தோள்மூட்டு மளுக்கென்று சத்தம் போட, வானத்தைப் பார்க்க ஒரே தூக்காகத் தூக்கினாள்.

"கண்ணை மூடிக்கோ" என்றாள். "ம். எண்ணிக்கோங்க."

தலைவர் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டார். கையை இறக்கவும் இல்லை. திகைத்துப்போன கப்பல்காரர், "பேட்டரி நிறைவேறியது" என்று வாய்தவறி அறிவித்துவிட்டார்.

கதையை இந்த இடத்தில் நிறுத்தினேன். முடிவெட்டும் கடையில் எல்லாரும் கைதட்டுவார்கள் என்று நினைத்தேன்.

"செல்லாது!" என்றார் தாடையில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவர். "அடுத்தவ பிடிச்சுத் தூக்கினா அது எப்படிங்க ஓட்டாகும்?"

"கையி அவரு கையிதானேய்யா?" என்றார் முடிவெட்டும் கடைக்காரர், கத்தியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு.

"கை அவருது. தூக்கு அக்காவோடது!"

"அந்தம்மா மூச்சு நின்னா நீ வந்து தூக்குவியா நாற்காலியை?"

அப்போதுதான் நடுவில் ஜன்னலைப் பற்றிக் கேட்டாரே, அந்த விவரமான ஆள், இரண்டு கையையும் சமாதானமாக விரித்தபடி எழுந்தார். "சண்டை போடாதீங்க. கொள்கையளவில நான் அக்கா பக்கம்தான். ஆனா, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? மறுபடி ஒரு கூட்டம் போட்டு..."

"இந்தா, இங்கயே ஒண்ணு உக்காந்திருக்குய்யா!" என்று கத்தினார் கடைக்காரர். "எந்திரி என் கடையை விட்டு!"

"யாரைப் பாத்து எந்திரிங்கற? நான் ஆதரவுதானே சொன்னேன்!"

பெஞ்சு சாய்ந்தது. பவுடர் டப்பா பறந்தது. நான் வாசலுக்கு வந்துவிட்டேன். படிக்கிறவரே, உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நீங்களும் அக்கா பக்கம்தான், எனக்குத் தெரியும். ரொம்ப சந்தோஷம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்து ஒரு வார்த்தை உங்கள் நாக்கு நுனியில் வந்து நிற்கிறதே, அதை மட்டும் இந்தக் கடைப் பக்கம் வந்து சொல்லிவிடாதீர்கள். சோப்பு நுரைக்காரர் கழுத்துத் துண்டை உருவி முறுக்கிக்கொண்டிருக்கிறார், கடைக்காரர் கையிலிருந்து கத்தியை இன்னும் யாரும் வாங்கவில்லை, உள்ளேயிருந்து ஒரு குரல் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது:

"அடிங்கய்யா, அடிக்கறதுக்கு நான் எதிரி இல்ல! ஆனா..."